காப்ரிக்குப் போகும் கப்பல்

நேப்பிள்ஸ் துறைமுகத்திலிருந்து காப்ரித் தீவுக்கு நாள் முழுவதும் கப்பல்கள் போய்வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, பிரயாணிகளை நாற்காலியில் உட்காரவைத்துக் கண்ணாடிச் சன்னல்களை மூடிக்கொண்டு, ஐம்பது நிமிஷத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுகிற விரைவுப் படகு. மற்றது, மோட்டார் வண்டிகள், காய்கறிக் கூடைகள், ஊர் ஜனங்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, ஒன்றேகால் மணி, ஒன்றரை மணி என்று சாவகாசமாகப் போகிற பழைய மாதிரிக் கப்பல். அவசரமில்லாதவர்களுக்கு இரண்டாவதே உசிதம். மேல்தட்டில் நின்று காற்று வாங்கிக்கொண்டு போகலாம். முதுகுப்புறம் வெஸூவியஸ் எரிமலை மெள்ள மெள்ளச் சிறுக்கும். இடது பக்கம் ஸொரெண்டோ நிலமுனை கடலுக்குள் நீண்டுகொண்டே கூட வரும். அது முடிந்த இடத்தில் ஒரு சந்து. சந்துக்கு அப்பால், ஒட்டகத்தின் இரட்டைத் திமில்போல, நடுவில் பள்ளமும் இரண்டு பக்கமும் மேடுமாக, காப்ரி.

தீவு ரொம்பச் சின்னது. பத்துச் சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். நீளவாட்டில் ஒரு காலை நேரத்தில் நடந்து முடித்துவிடலாம், ஆனால் ஏற்றம் இறக்கம் மூச்சை வாங்கும். உயரமான சிகரம் 589 மீட்டர். நான்கு பக்கமும் செங்குத்தான சுண்ணாம்புக்கல் பாறை. கப்பல் வந்து அணைய வடக்கே ஓர் இடம், சிறு படகுகள் ஒதுங்கத் தெற்கே ஓர் இடம். மற்ற இடங்களிலெல்லாம் கடல் நேராகப் பாறையில் போய் மோதுகிறது. காற்றுக் கொஞ்சம் பலமாக அடித்தால் முதலில் விரைவுப் படகுகளை நிறுத்துவார்கள். இன்னும் பலத்தால் பெரிய கப்பலும் நின்றுவிடும். அப்போது தீவில் இருப்பவர் தீவிலும், கரையில் இருப்பவர் கரையிலுமாக இருக்க வேண்டியதுதான்.

காப்ரியைப்பற்றி எழுதுகிறவர்கள் அதன் பூந்தோட்டங்களையும் நீலக் குகையையும், அங்கே வந்துபோன பிரபலஸ்தர்களையும்பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். எனக்கு என்னவோ, தீவுக்கும் கரைக்கும் நடுவில் கிடக்கிற தண்ணீரின் பேரில்தான் கண் போகிறது. அந்தத் தண்ணீரை யார் தாண்டலாம், யார் தாண்டக் கூடாது, அதை முடிவு செய்வது யார் என்பதைப் பார்த்துக்கொண்டே வந்தால் இரண்டாயிரம் வருஷச் சரித்திரமும் வரிசையாக வந்துவிடுகிறது.

முதலில் தாண்டிய பெரிய மனிதர் அகஸ்டஸ் சக்கரவர்த்தி. கி.மு. 29இல் அவர் காப்ரியில் கால் வைத்தபோது, பட்டுப்போய்க் கிளை தொங்கிக் கிடந்த ஒரு பழைய மரம் துளிர்த்ததாம். நல்ல சகுனம் என்று எண்ணி, அப்போது தீவுக்குச் சொந்தக்காரர்களாக இருந்த நேப்பிள்ஸ் நகரத்தாரிடம் பேசி, அதைவிடப் பல மடங்கு பெரியதும் செழிப்பானதுமான இஸ்கியாத் தீவைக் கொடுத்து இதை வாங்கிக்கொண்டார். நேப்பிள்ஸ்காரர்கள் இந்த வியாபாரத்தை நினைத்து ராத்திரியெல்லாம் சிரித்திருப்பார்கள். அகஸ்டஸுக்கோ அது ஒரு விளையாட்டுச் சாமான். கடற்பிராணிகளின் ராட்சத எலும்புகளைச் சேகரித்து இங்கே வைத்திருந்தார். ஊர்ப் பிள்ளைகள் கிரேக்க முறையில் தேகப்பயிற்சி செய்வதை உட்கார்ந்து பார்ப்பார். அவர்களுக்கு விருந்து போட்டுப் பழங்களை வாரி இறைத்து, அடித்துப் பிடித்துப் பொறுக்கச் சொல்லி வேடிக்கை பார்ப்பார். தம் பரிவாரத்தில் வேலை செய்யாமல் காலம் கழித்தவர்கள் குடியேறியிருந்த பக்கத்து இடத்துக்குச் ‘சோம்பேறிப்பட்டணம்’ என்று அர்த்தம் வரும்படி கிரேக்கத்தில் ஒரு பேர் வைத்தார்.

அவர் வாழ்வின் கடைசி வருஷம், கி.பி. 14. பொஸ்ஸுவோலி வளைகுடாவில் அவருடைய படகு போய்க்கொண்டிருந்தபோது, அலெக்ஸாந்திரியாவிலிருந்து அப்போதுதான் வந்து சேர்ந்திருந்த ஒரு கப்பலின் மாலுமிகளும் பிரயாணிகளும் வெள்ளை உடை உடுத்தி, மாலை சூடி, தூபம் போட்டு அவரை வாழ்த்தினார்கள். உம்மால்தான் நாங்கள் பயமில்லாமல் கடல் தாண்டுகிறோம், உம்மால்தான் பிழைக்கிறோம் என்பது வாழ்த்தின் கருத்து. கிழவருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. கூட வந்தவர்களுக்கு ஆளுக்கு நாற்பது பொன் கொடுத்து, அலெக்ஸாந்திரியாச் சரக்கைத் தவிர வேறெதிலும் செலவழிப்பதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். பிறகு காப்ரியில் நாலு நாள் தங்கினார். சில வாரங்களுக்குள் காலமானார்.

அந்த அலெக்ஸாந்திரியாக் கப்பல்களைப்பற்றி நாம் இன்னும் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளலாம். நமக்கும் அதில் பாத்தியதை உண்டு. ரோமாபுரிக்கு எகிப்தின் தானியம் அந்தக் கப்பல்களில்தான் வந்தது. செங்கடல் வழியாகவும் நைல் நதி வழியாகவும் அலெக்ஸாந்திரியாவுக்கு வந்த கீழ்நாட்டுச் சரக்கும் அவ்வழியே வந்தது. சேர நாட்டு மிளகு, கொற்கை முத்து, கொங்கு நாட்டுப் பச்சைக்கல் ஆகியவையெல்லாம் அந்தச் சரக்கில் சேர்ந்தவை. காப்ரிக்கும் ஸொரெண்டோ முனைக்கும் நடுவிலுள்ள சந்துக்குள் நுழைந்ததும் மற்றக் கப்பல்கள் மேல்பாயை இறக்கிவிட வேண்டும். அலெக்ஸாந்திரியாக் கப்பலுக்கு மட்டும் அதை விரித்தபடி வர உரிமை இருந்தது. அந்த அடையாளத்தைக் கண்டவுடன் பொஸ்ஸுவோலி ஜனங்கள் எல்லோரும் கரைக்கு ஓடுவார்கள் என்று ஸெனெகா தம் கடிதம் ஒன்றில் எழுதியிருக்கிறார். ஆக, இன்று உல்லாசப் பிரயாணிகள் படம் எடுத்துக்கொண்டு போகிற அதே சந்து, ஒரு காலத்தில் நம் மிளகின் மணம் வீசிய இடம் என்று சொன்னால் மிகையாகாது.

மிளகுக்கும் மணிக்கும் பதிலாக வந்த வெள்ளிக் காசுகள் நம் பக்கத்து மண்ணில் குடம் குடமாக அகப்பட்டிருக்கின்றன. கோயமுத்தூரை அடுத்த வெள்ளலூரில் 1842இல் கிடைத்த புதையலில் பெரும்பாலான காசுகளில் இருந்த முகம் ஒருவருடையது. அகஸ்டஸுக்குப் பிறகு பட்டத்துக்கு வந்த டைபீரியஸ் சக்கரவர்த்தியின் முகம் அது. கொங்கு நாட்டு உழவன் ஏர்முனையில் அகப்பட்ட காசில் யார் முகம் என்று தெரியாமலே அதைக் கையில் புரட்டிப் பார்த்திருப்பான். அந்தச் சக்கரவர்த்தியோ, கி.பி. 22இல் ரோமாபுரிச் சபைக்கு எழுதிய கடிதத்தில், பெண்பிள்ளைகளின் ரத்தின மோகத்தால் நம் பணமெல்லாம் அந்நிய ஜாதியாரிடம் போய்ச் சேருகிறதே என்று அங்கலாய்த்தார். அந்நிய ஜாதியாரில் நம் முன்னோர்களும் அடக்கம்.

காப்ரியின் கதையில் கதாநாயகன் என்றோ வில்லன் என்றோ ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் அது இந்த டைபீரியஸ்தான். பெரிய தளபதியாக இருந்தவர். வயசான பிறகு, வேண்டாவெறுப்பாகப் பட்டத்துக்கு வந்தவர். பிள்ளையைப் பறிகொடுத்தவர். ரோமாபுரியின் முகஸ்துதியும் சூழ்ச்சியும் அவருக்குக் குமட்டிப்போயிற்று. கி.பி. 26இல், ஏதோ கோயில்களைப் பிரதிஷ்டை செய்யப்போவதாகச் சாக்குச் சொல்லிக்கொண்டு தலைநகரை விட்டுக் கிளம்பினார். அடுத்த வருஷம் காப்ரிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். அப்போது அவருக்கு வயசு 67. பிறகு பத்து வருஷம் சாம்ராஜ்யத்தை அந்தப் பாறையிலிருந்தே ஆண்டார். ரோமாபுரிக்குள் அவர் திரும்பக் காலெடுத்து வைக்கவே இல்லை.

காப்ரியை ஏன் தேர்ந்தெடுத்தார் என்பதற்கு டாஸிடஸ் தரும் காரணம் நேரானது. ஸொரெண்டோ முனைக்கும் தீவுக்கும் நடுவில் மூன்று மைல் தண்ணீர். தீவைச் சுற்றித் துறைமுகம் கிடையாது. சிறு படகுகூட ஒதுங்க இடம் அபூர்வம். காவற்காரனுக்குத் தெரியாமல் ஒருவரும் கரையேற முடியாது. அழகைப்பற்றி அவர் சொல்லாமல் இல்லை. ஆனால் அதை இதற்குப் பிறகுதான் சொல்கிறார்.

அவர் தீவுக்குப் போன சமயத்தில் பெரிய விபத்து ஒன்று நடந்தது. ரோமாபுரிக்குப் பக்கத்தில் ஃபிடேனே என்ற ஊரில், கிளாடியேட்டர் சண்டை வேடிக்கைக்காக மரத்தால் கட்டியிருந்த அரங்கம் இடிந்து விழுந்து, இருபதாயிரத்துக்கு மேல் ஜனங்கள் மாண்டுபோனார்கள். திரும்பி வாருங்கள் என்று ஜனங்கள் மன்றாடினார்கள். டைபீரியஸ் கடல் தாண்டி நிலத்துக்கு வந்தார். தம்மைப் பார்க்க வந்தவர்களையெல்லாம் பார்த்தார். பிறகு தீவுக்கே போய்விட்டார். ஜனங்களின் கூக்குரலுக்காக அவர் அந்தத் தண்ணீரைத் தாண்டியதாக நான் படித்தது இந்த ஒரு தடவைதான்.

செம்படவன் கதை எல்லோருக்கும் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சக்கரவர்த்தி தனியாக இருந்த சமயம் ஒரு செம்படவன் தீவின் பின்புறம், வழியே இல்லாத பாறையில் தொத்தி ஏறி அவர் முன்னால் போய் நின்றான். கையில் ஒரு பெரிய மீன். ராஜாவுக்குக் காணிக்கை கொண்டுவந்தான், பாவம். டைபீரியஸுக்குக் குலை நடுங்கிவிட்டது. மீனின் ருசி அவருக்கு எங்கே நினைவு வரும்? இவன் ஏற முடிந்தால் கத்தியோடு இன்னொருவனும் ஏற முடியுமே! அந்த மீனையே எடுத்து அவன் முகத்தில் தேய்க்கச் சொன்னார். வலியிலும் அவனுக்குக் கிண்டல் போகவில்லை; ‘நல்ல வேளை, நான் பிடித்த பெரிய நண்டையும் கொண்டுவந்து கொடுக்காமல் போனேன்!’ என்கிற மாதிரி ஏதோ சொன்னான். நண்டையும் கொண்டுவரச் சொல்லி அதனாலும் முகத்தைக் கிழிக்க வைத்தார்.

இதை எழுதிய ஸுவெடோனியஸ், சம்பவம் நடந்து எண்பது வருஷத்துக்கு அப்புறம் இருந்தவர். வம்பு என்றால் அவருக்குச் சர்க்கரைப் பொங்கல். கிழச் சக்கரவர்த்தியின் அந்தரங்கங்களைப்பற்றி அவர் எழுதியிருப்பதையெல்லாம் இங்கே எழுத முடியாது. நம்பவும் வேண்டியதில்லை என்று இக்காலத்துச் சரித்திரக்காரர்களில் பலர் சொல்கிறார்கள். எழுபது வயசுக் கிழவர், சோதிடரையும் கிரேக்கப் பண்டிதர்களையும் கூட வைத்துக்கொண்டு தர்க்கம் செய்துகொண்டிருந்தார் என்பதுதான் எனக்கு அதிகம் நம்பத் தகுந்ததாகப் படுகிறது. ஆனால் செம்படவன் கதையை என்னால் தள்ள முடியவில்லை. பயந்த மனிதனின் கொடுமை அப்படித்தான் இருக்கும்.

கிழக்குத் திமிலின் உச்சியில் டைபீரியஸ் கட்டிய மாளிகையின் இடிபாடு இன்றும் நிற்கிறது. ஊரிலிருந்து முக்கால் மணி ஏறினால் போய்ச் சேரலாம். தீவில் ஊற்றுத் தண்ணீர் கிடையாது என்று சொல்லும்படி சொற்பம். ஆகவே மாளிகையின் நடுவயிற்றில் மழைநீரைச் சேர்க்கப் பிரமாண்டமான தொட்டிகளைக் கட்டி, அவற்றைச் சுற்றித்தான் மற்ற அறைகளை எழுப்பியிருக்கிறார்கள். உலகத்தையே ஆண்டவன் வானத்தைப் பார்த்துத் தண்ணீர் குடித்தான் என்பதை அங்கே கண்ணால் காணலாம். பக்கத்தில் முந்நூறு மீட்டர் செங்குத்துப் பாறை. தண்டனைக்காரர்களை அங்கிருந்து தள்ளச் சொல்வாராம். கீழே படகில் காத்திருக்கும் வீரர்கள் துடுப்பால் அடித்து மிச்ச உயிரையும் போக்குவார்களாம். இதுவும் ஸுவெடோனியஸ்தான்.

மாளிகைக்குச் சற்றுத் தள்ளி ஒரு கோபுரத்தின் அடித்தளம் இருக்கிறது. கலங்கரை விளக்கம். கடல் தாண்டிச் செய்தி அனுப்பவும் வாங்கவும் உதவியிருக்கும் என்கிறார்கள். கி.பி. 31இல் செய்திக்காகத் தவம் கிடக்க வேண்டிய ஒரு வேளை வந்தது. டைபீரியஸ் தீவில் ஒதுங்கியிருந்த காலத்தில் தலைநகரில் அதிகாரம் முழுவதும் ஸெஜானஸ் என்ற காவற்படைத் தலைவனிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. யார் கடிதம் தீவுக்குப் போகலாம், யார் பார்க்கப் போகலாம் என்பதெல்லாம் அவன் கையில். தண்ணீரைக் காவலாக வைத்துக்கொண்டவருக்கு அந்தத் தண்ணீரே சிறையாகிவிட்டது. ஸெஜானஸ் தம் இடத்தையே பிடிக்கப்பார்க்கிறான் என்று கிழவருக்குத் தெரிந்தபோது, அவரிடம் இருந்த ஆயுதம் ஒரு கடிதம்தான். நீளமாக, சுற்றி வளைத்து எழுதினார். அக்டோபர் 18ஆம் தேதி அது சபையில் வாசிக்கப்பட்டது. தனக்கு ஏதோ புதுப் பதவி வரப்போகிறது என்று ஸெஜானஸ் புன்சிரிப்போடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். கடைசி வரிகளில், இவனைக் கைது செய்யுங்கள் என்று இருந்தது. அன்றைக்கே கொன்றுபோட்டார்கள்.

இங்கே காப்ரியில் சக்கரவர்த்தி உச்சிப் பாறையில் ஏறி நின்று அடையாள விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். காரியம் கெட்டுவிட்டால் எங்காவது இருக்கும் படைகளிடம் ஓடிவிடக் கீழே கப்பல்கள் தயாராக நின்றன. காரியம் கெடவில்லை. இருந்தும் ஒன்பது மாதம் அந்த மாளிகையை விட்டு அவர் வெளியே வரவில்லையாம். ஜெயித்தவனுடைய நிலை இது!

அவர் முடிவைக் கற்பனைக் கதையில் எழுதினால் செயற்கை என்பார்கள். கி.பி. 37இல் நிலப்பகுதிக்கு வந்திருந்தவருக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. எப்படியாவது காப்ரிக்குப் போய்விட வேண்டும் என்று துடித்தார். கடல் விடவில்லை. புயல் காற்று. மிஸேனம் முனையில், தீவைக் கண்ணால் பார்க்கிற தூரத்தில், காற்று அடங்கக் காத்திருந்த இடத்தில் மார்ச் 16ஆம் தேதி உயிர் போயிற்று. அதற்குச் சில நாள் முன்னால் பூகம்பத்தில் காப்ரியின் விளக்குக் கோபுரம் இடிந்து விழுந்திருந்தது.

அப்புறம் ரோம் சக்கரவர்த்திகள் அந்தத் தீவில் குடியிருக்க ஆசைப்படவில்லை. வேண்டாதவர்களை அனுப்பினார்கள். கொமோடஸ் தன் அக்கா லூஸில்லாவையும் மனைவி கிறிஸ்பினாவையும் அங்கேதான் நாடுகடத்தினான். இருவரும் திரும்பவில்லை. ஒருவரைப் பாதுகாக்கிற தண்ணீர் இன்னொருவரைப் பூட்டிவைக்கவும் பயன்படும்; அதற்கு எஜமான் விசுவாசம் கிடையாது.

நடுவில் ஓர் ஆயிரம் வருஷத்தைச் சுருக்கமாகத் தாண்டிவிடலாம். ராஜாக்கள் மறந்துபோன தீவில் ஏழை ஜனங்கள் மீன் பிடித்தும், பவளம் எடுத்தும், திராட்சை பயிரிட்டும் வாழ்ந்தார்கள். வசந்தத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து களைத்துப்போய் வந்து விழும் காடைகளை வலை போட்டுப் பிடித்தார்கள். அந்தக் காடை வரியிலிருந்துதான் அவ்வூர்ப் பிஷப்புக்குச் சம்பளமாம். ‘காடை பிஷப்’ என்று கேலிப் பேரே உண்டு. கடற்கொள்ளைக்காரர்கள் அடிக்கடி வந்தார்கள். 1535இல் துருக்கிக் கடற்படைத் தலைவன் பார்பரோஸா வந்து மலைமேல் இருந்த கோட்டையை நாசம் செய்தான். இடிந்த கோட்டைக்கு இடித்தவன் பேரையே வைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1656இல் பிளேக் வந்தபோது, வசதியுள்ள மடத்துச் சந்நியாசிகள் கதவைச் சாத்திக்கொண்டார்கள் என்றும், கோபங்கொண்ட ஜனங்கள் பிணங்களை மதில் தாண்டி உள்ளே எறிந்தார்கள் என்றும் சொல்வதுண்டு. கடல் போதாதென்று தீவுக்குள்ளேயே இன்னொரு வேலி!

இன்னொரு முக்கியமான வேலி, காப்ரிக்கும் மேல்மலை ஊரான அனகாப்ரிக்கும் நடுவில். 1870களில் வண்டிச்சாலை போடும்வரை, துறையிலிருந்து அனகாப்ரிக்குப் பாறையில் செதுக்கிய தொள்ளாயிரத்துச் சொச்சம் படிகள்தான் வழி. தண்ணீர்ப் பானை, கல், சுண்ணாம்பு, வெள்ளைக்காரர் பெட்டி எல்லாம் பெண்களின் தலையில்தான் மேலே போயிற்று. புருஷர்கள் கடலுக்குப் போய்விடுவார்கள். காப்ரிப் பெண்களின் நிமிர்ந்த நடையழகை வர்ணித்து அந்நாளைய யாத்திரிகர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். தலையில் பாரம் இருந்தால் நிமிர்ந்துதான் நடக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை.

நெப்போலியன் காலத்தில் தீவுக்கு மறுபடி யோகம் வந்தது. 1806இல் பிரிட்டிஷார் காப்ரியைப் பிடித்துப் பீரங்கி வைத்தார்கள். நேப்பிள்ஸில் ராஜாவாக உட்கார்ந்த நெப்போலியனின் மைத்துனன் முராவுக்கு, தன் அரண்மனை வாசலில் எதிரி உட்கார்ந்திருப்பது பொறுக்கவில்லை. 1808 அக்டோபரில் படகுகளில் படையை அனுப்பினான். துறைப் பக்கம் போவதாகப் பாசாங்கு செய்துவிட்டு, மேற்கே காவல் குறைந்த பாறையில் ஏணி சார்த்தி ஏறினார்கள். முதலில் அனகாப்ரி விழுந்தது. சுமார் இரண்டு வாரத்தில் கீழ் ஊரும் பணிந்தது. உதவிக் கப்பல்கள் வேளைக்கு வந்து சேரவில்லை. தோற்றுச் சரணடைந்த பிரிட்டிஷ் தளபதியின் பேர் ஹட்ஸன் லோ. எட்டு வருஷம் கழித்து இதே மனிதரை ஸெயிண்ட் ஹெலினாத் தீவுக்கு, நெப்போலியனுக்குச் சிறைக்காவலராக அனுப்பினார்கள். அங்கே அவர் கைதியைச் சந்தேகக் கண்ணோடு பாடாய்ப் படுத்தினார் என்று புகார் உண்டு. காப்ரியில் ஒரு முறை பாறை வழியாக எதிரி ஏறி வந்ததைப் பார்த்தவர், பிறகு எந்தப் பாறையை நம்புவார்?

காப்ரிக்கு வந்த படையெடுப்புகளிலெல்லாம் பெரியது 1826 ஆகஸ்டில் தொடங்கியது. அதில் ஒரு துப்பாக்கிகூடக் கிடையாது. கோபிஷ் என்ற ஜெர்மானியக் கவிஞரும் ஃப்ரைஸ் என்ற ஓவியரும் வந்து, பகானோ என்பவர் வீட்டில் தங்கினார்கள். பகானோ ஊரில் எழுத்தர். வருகிறவர்களுக்கு அறையும் வாடகைக்குக் கொடுப்பார். வடமேற்கு ஓரத்தில் ஒரு குகை இருப்பதாகவும், அதில் பேய் பிசாசுகள் குடியிருப்பதாகவும், செம்படவர்கள் அந்தப் பக்கமே போவதில்லை என்றும் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். ஒரு செம்படவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, தொட்டியில் நெருப்பு மூட்டி முன்னே தள்ளிக்கொண்டு, நீந்தியே உள்ளே போனார்கள். வாய் ஒரு மீட்டர் உயரம்தான். உள்ளே பெரிய மண்டபம். தண்ணீருக்கு அடியில் இன்னொரு பெரிய வாயில் இருக்கிறது. வெயில் அதன் வழியாகக் கடல்நீரை ஊடுருவி வருவதால் சிவப்பெல்லாம் வடிகட்டப்பட்டு நீலம் மட்டும் கீழிருந்து மேலே ஒளி வீசுகிறது. கையை விட்டால் கை வெள்ளியாகிறது. கோபிஷ் திரும்பிப்போய்ப் பேசினார். 1838இல் அதைப்பற்றி எழுதிப் பிரசுரித்தார். ஐரோப்பா முழுவதும் மூட்டை கட்டத் தொடங்கியது.

கண்டுபிடித்தார் என்று சொல்வது ஒரு சம்பிரதாயம். ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த குகைதான். ரோமாபுரிக்காரர்களுக்கும் தெரியும்; 1964இல் குகையின் அடியிலிருந்து அக்காலத்துக் கடல் தேவதைச் சிலைகளை எடுத்தார்கள். கண்டுபிடிக்கப்பட்டவர் உண்மையில் பகானோதான் என்பது என் அபிப்பிராயம். வெளியூர்க்காரன் ஒரு கதைக்காகக் கடல் தாண்டுவான் என்பதை அவர் தெரிந்துகொண்டார். அவருடைய வீடு ஹோட்டலாயிற்று. ஊர் முழுவதும் அவர் வழியைப் பின்பற்றியது.

நீராவிக் கப்பல்கள் வந்தன. முதலில் அவை கரையை அணைய முடியாமல் தூரத்தில் நிற்க, தீவின் படகுக்காரர்கள் போய்ப் பிரயாணிகளை இறக்கிவந்தார்கள். 1907இல் துறையிலிருந்து ஊருக்குக் கம்பி இழுக்கும் ரயில் வந்தது. வந்தவர்கள் எல்லோரும் உல்லாசத்துக்காக வந்தவர்கள் அல்ல. பீரங்கி வியாபாரி க்ரூப், தம் செலவில் பாறையைக் குடைந்து வளைந்து வளைந்து இறங்கும் பாதை ஒன்று போட்டார். பத்திரிகைகளில் அவரைப்பற்றி ஏதேதோ புகைந்து, 1902இல் ஜெர்மனியில் அவர் இறந்துபோனார். 1906இல், ரஷ்யாவில் இருக்க முடியாமல் மாக்ஸிம் கார்க்கி வந்து ஏழு வருஷம் தங்கினார். 1908இலும் 1910இலும் லெனின் வந்து அவரோடு இருந்தார். லெனின் சதுரங்கம் ஆட, கார்க்கி பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற புகைப்படம் ஒன்று இருக்கிறது. பின்னாளில் லெனினுக்கு அங்கே நினைவுக்கல் வைத்தபோது இடம் கிடைத்தது எங்கே தெரியுமா? பீரங்கி க்ரூப்பின் பழைய தோட்டத்தில்! 1943இல் யுத்தத்தின் நடுவே அமெரிக்க விமானப்படையாருக்குத் தீவு ஓய்வு விடுதியாயிற்று. 1952இல் சிலி நாட்டிலிருந்து துரத்தப்பட்ட கவிஞர் நெரூடா வந்து தங்கினார். டைபீரியஸ்போல மனுஷ வாடையே ஆகாதென்று வந்தவர்களும், சொந்த ஊரில் இடமில்லாமல் வந்தவர்களும் ஒரே கப்பலில்தான் வந்திறங்கியிருக்கிறார்கள்.

குடிதண்ணீர்ச் சங்கதி மட்டும் டைபீரியஸ் காலத்திலிருந்து வெகுநாள் மாறவில்லை. காப்ரி வீடுகளின் கூரை வளைந்து கும்பலாக இருப்பதைப் பார்க்கலாம். அழகுக்காக அல்ல, மழைநீர் வழிந்து தொட்டியில் சேர்வதற்காக. பிரயாணிகள் பெருகியபோது தொட்டிகள் போதவில்லை. கப்பலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். 1970களின் இறுதியில்தான் கடலடியில் குழாய் போட்டு நிலப்பகுதியிலிருந்து தண்ணீர் கொண்டுவரப்பட்டது. அதற்கப்புறம் ஹோட்டல்களுக்குக் கவலையில்லை. கோடையில் ஒரு நாளைக்கு வந்திறங்குகிறவர்களின் தொகை, தீவில் நிரந்தரமாக இருக்கும் பதின்மூவாயிரம் சொச்சம் பேரையும் மிஞ்சிவிடுகிறது. வருகிறவர்களிடம் இறங்கு வரி வாங்குகிறார்கள். இரண்டரை யூரோவாக இருந்ததை 2024 கோடைக்கு ஐந்து யூரோவாக உயர்த்தினார்கள். கூட்டம் குறைந்ததாகத் தெரியவில்லை. ஐந்து யூரோவுக்குப் பயப்படுகிறவன் காப்ரிக்கு ஏன் வருகிறான்!

அந்த வருஷம் ஜூன் மாதம் நிலப்பகுதியில் குழாய் பழுதாகித் தீவுக்குத் தண்ணீர் நின்றது. 22ஆம் தேதி சனிக்கிழமை. கோடைக் கூட்டத்தின் உச்சம். தீவின் மேயர், குடியிருப்பவர்களைத் தவிர வெளியூர்ப் பிரயாணிகள் யாரும் இறங்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். நேப்பிள்ஸிலிருந்து புறப்பட்டுவிட்டிருந்த கப்பல்கள் நடுவழியில் திரும்பின. இரண்டாயிரம் வருஷத்துக்குப் பிறகு மறுபடியும் காப்ரிக் கரையில் காவல் நின்றது. வித்தியாசம், இந்தத் தடவை காவல் போட்டவர்கள் மீன் கொண்டுவந்தவனின் பக்கத்து ஆட்கள், தடுக்கப்பட்டவர்கள் காசுள்ளவர்கள். ஹோட்டல்காரர்களும் படகுக்காரர்களும் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். அவர்களும் அதே ஊர்க்காரர்கள்தான். வருகிறவனைத் திருப்பி அனுப்பினால் சோறு இல்லை, அனுப்பாவிட்டால் தண்ணீர் இல்லை.

தடை நீண்ட நேரம் நிலைக்கவில்லை. குழாயில் தண்ணீர் வரத் தொடங்கியதும் உத்தரவை எடுத்துவிட்டார்கள். அதற்குள் தெருமுனையில் தண்ணீர் லாரி நின்றது. வீட்டுக்கு 25 லிட்டர் என்று அளவு. ஜனங்கள் குடங்களோடு வரிசையில் நின்றார்கள்.